நிலத்தடி நீர் ஆய்வு: களத்துக்குப் புறப்படும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயன்பாட்டு நிலவியல், நீர்வளப் பொறியியல் துறைகளில் முதுநிலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்துக்கோ நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டவர்களுக்கான பக்கம் இது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு அடியில் கருங்கல்தான் இருக்கிறது. அதனால் பதில்களில் பெரும்பகுதி பாறைப் பகுதிக் கிணறுகளைப் பற்றியது. கடலோரத்துக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் தனியாகச் சில வரிகள் உண்டு.

ஆய்வுப் பகுதியை எப்படித் தேர்வு செய்வது?

மாவட்டத்தையோ வட்டத்தையோ எல்லையாக எடுக்காதீர்கள். தண்ணீருக்கு வருவாய்த் துறையின் எல்லை தெரியாது. ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொண்டால் மேட்டு எல்லையில் நீர் உள்ளே வராது, வெளியே போகாது என்று ஓரளவு நம்பிக் கணக்குப் போடலாம். பரப்பைவிடக் கிணறுகளின் எண்ணிக்கைதான் முக்கியம். இரண்டு மூன்று நாளில் ஒரு சுற்று அளந்து முடிக்கக்கூடிய அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருவர் கொண்ட குழுவுக்கு 40 கிணறு வரை சரிப்படும். மூன்று வாரம் இழுத்து அளந்த மட்டங்களை ஒரே வரைபடத்தில் கோடிழுத்தால், முதல் வாரக் கிணற்றுக்கும் கடைசி வாரக் கிணற்றுக்கும் நடுவே பெய்த மழையையும் சேர்த்துத்தான் வரைகிறீர்கள்.

நீர்மட்டம் அளப்பது நாடாவை இறக்கிப் படிப்பதுதானே?

அதுதான். ஆனாலும் ஆய்வேடுகளில் அதிகம் கெடுவது இந்த எண்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் அளவைப் புள்ளி. கைப்பிடிச் சுவரின் மேல் எந்த இடத்திலிருந்து நாடாவை விட்டீர்களோ அங்கே பெயின்ட்டால் அம்புக்குறி போடுங்கள். தரையிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடா 11.42 மீட்டர் காட்டி, சுவர் 0.85 மீட்டர் உயரம் என்றால், தரையிலிருந்து நீர்மட்டம் 10.57 மீட்டர். அடுத்த முறை போகும்போது சுவரை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், அல்லது சரிந்து கிடக்கும். குறியும் புகைப்படமும் இல்லாவிட்டால் அந்த மாற்றம் நீர்மட்ட மாற்றமாகவே உங்கள் அட்டவணையில் ஏறிவிடும்.

அடுத்தது நேரம். மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஓடும் கிணற்றிலும், நிறுத்தி அரை மணி ஆன கிணற்றிலும் கிடைப்பது ஓய்வு மட்டம், அதாவது இறைக்காதபோது அசையாமல் நிற்கும் மட்டம் அல்ல. விவசாயியிடம் "மோட்டார் எப்போது நிறுத்தினீர்கள், பக்கத்துக் கிணறு ஓடுகிறதா" என்று இரண்டையும் கேட்டு எழுதுங்கள். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கிணற்றுக்குத் திரும்ப வாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில், நீரைத் தொட்டதும் மணி அடிக்கும் மின்நாடாவை இறக்கும்போது பக்கச் சுவரில் வழியும் ஊற்றுநீர் பட்டாலே மணி அடித்துவிடும். நாடாவின் தலையை இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கி, அதே ஆழத்தில் மணி விட்டுவிட்டு அடிக்கிறதா, மூழ்கியபின் தொடர்ந்து அடிக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரின் கேபிளிலும் கயிற்றிலும் நாடா சுற்றிக்கொள்வது வழக்கம். இழுபடுகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பலம்போட்டு இழுத்தால் நாடாவும் போகும், அந்த விவசாயியின் மோட்டாரும் போகலாம்.

மாதம் குறித்து ஒன்று. மழைக்கு முந்தைய மட்டத்துக்கு மே மாதத்தை எடுப்பது நாடு முழுவதற்குமான வழக்கம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களிலோ மட்டம் செப்டம்பர் வரை இறங்கிக்கொண்டே போகலாம். செப்டம்பர் இறுதியில் ஒரு சுற்றும் ஜனவரியில் ஒரு சுற்றும் கட்டாயம் போங்கள்.

கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தைப் பயன்படுத்தலாமா?

கிணறு எங்கே இருக்கிறது என்று காட்ட அது போதும். உயரத்துக்குப் போதாது. கையில் பிடிக்கும் கருவியின் உயரம் 5 மீட்டர், சில சமயம் 10 மீட்டர் கூடத் தவறும். காவிரிப் படுகையில் தரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே சரிகிறது. அங்கே இந்தப் பிழை நீர் ஓடும் திசையையே புரட்டிப்போட்டுவிடும். துறையில் உயரத்தைத் துல்லியமாகத் தரும் வேறுபாட்டு ஜிபிஎஸ் (டிஜிபிஎஸ்) இருந்தால் அதை எடுத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் மட்டக்கருவியால் உயரம் தெரிந்த புள்ளியிலிருந்து கொண்டுவாருங்கள்.

மட்டம் 4 மீட்டர் உயர்ந்தது. எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது?

பரப்பு × மட்ட உயர்வு × தன்விளைவு. தன்விளைவு என்பது ஒரு கன மீட்டர் பாறை வடியவிடும் நீரின் பங்கு. மத்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறை மணற்பாங்கான வண்டலுக்கு 16 விழுக்காடும், களிமண் கலந்த வண்டலுக்கு 6 விழுக்காடும், களிமண் குறைந்த சிதைந்த கருங்கல்லுக்கு 3 விழுக்காடும், களிமண் மிகுந்ததற்கு 1.5 விழுக்காடும் பரிந்துரைக்கிறது.

100 ஹெக்டேர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். 4 மீட்டர் உயர்வு, 1.5 விழுக்காடு என்றால் 60,000 கன மீட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர் வேண்டும். ஆக, நூறு ஹெக்டேருக்கு அடியில் நான்கு மீட்டர் ஏறிய தண்ணீர் ஐந்து ஹெக்டேர் நெல்லுக்குத்தான் காணும். வயலிலிருந்து ஒரு பங்கு மீண்டும் கசிந்து இறங்கும் என்பதைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது. கிணறு நிறைந்ததைப் பார்த்து ஊரே மகிழும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டியது ஆய்வாளரின் கடமை. அதே நேரம் 1.5-க்குப் பதில் 3 போட்டால் விடை இரட்டிப்பாகிவிடும். எந்த எண்ணை ஏன் எடுத்தீர்கள் என்பதற்குக் கிணற்றுச் சுவரில் பார்த்த சுக்காம்பாறையின் (சிதைந்த பாறையின்) தன்மையைச் சான்றாக எழுதுங்கள்.

அதே நெறிமுறைப்படி, ஓராண்டில் கிணறுகள் எடுக்கும் நீர், ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பானது. 90 வரை பகுதி அபாயம். 100 வரை அபாயம். அதற்கு மேல் மிகைச் சுரண்டல். தமிழ்நாட்டில் இந்த மதிப்பீட்டுக்குப் பல ஆண்டுகள் குறுவட்டம், அதாவது பிர்கா, அலகாக இருந்தது. உங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதி எந்தெந்த மதிப்பீட்டு அலகில் விழுகிறது என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மின்தடை ஆய்வில் எண்கள் தாறுமாறாக வருகின்றன. ஏன்?

இந்த ஆய்வில் மண்ணுக்குள் மின்னோட்டம் செலுத்தி, அடியில் உள்ள பாறையையும் நீரையும் கணிக்கிறோம். எண் தாவினால் பெரும்பாலும் மின்முனை மண்ணோடு சரியாகத் தொடவில்லை. கோடையில் காய்ந்த செம்மண்ணில் கம்பியை அடித்தால் மட்டும் போதாது. சுற்றிலும் உப்புநீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அதன்பின்னும் தாவினால் அருகில் உயரழுத்தக் கம்பி, புதைத்த இரும்புக் குழாய், கம்பிவேலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோட்டை அவற்றுக்குச் செங்குத்தாகத் திருப்புங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

ஷ்லம்பெர்ஜர் முறையில் வெளி மின்முனை இரண்டால் மின்னோட்டம் செலுத்தி, உள் மின்முனை இரண்டுக்கிடையே மின்னழுத்தம் அளக்கிறோம். உள் மின்முனை இடைவெளி வெளி இடைவெளியில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. உள் இடைவெளியை மாற்றும்போது இரண்டு புள்ளிகளிலாவது பழைய, புதிய இடைவெளி இரண்டிலும் அளந்துகொள்ளுங்கள்; வளைவு உடையும் இடத்தை ஒட்ட அது வேண்டும். களத்திலேயே கணக்குப் போட்டு, அங்கேயே தாளில் புள்ளி வைத்துவிடுங்கள். அரை இடைவெளி (வெளி இடைவெளியில் பாதி) 50 மீட்டர், உள் இடைவெளி 10 மீட்டர் என்றால் வடிவக் கெழு 3.1416 × (2500 − 25) ÷ 10, அதாவது 777.5. மின்னழுத்தம் 20 மில்லிவோல்ட், மின்னோட்டம் 100 மில்லியாம்பியர் என்றால் தடை 0.2 ஓம்; அதை வடிவக் கெழுவால் பெருக்கினால் தோற்றத் தடைமை ஏறத்தாழ 155 ஓம்-மீட்டர். முந்தைய புள்ளி 140 காட்டியிருக்க இது 600 என்று வந்தால் அங்கேயே திரும்ப அளக்கலாம். விடுதிக்கு வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

அரை இடைவெளி 100 மீட்டர் விரித்தால் 100 மீட்டர் ஆழம் பார்த்ததாகப் பொருள் இல்லை, அதைவிடக் குறைவுதான். இன்னொன்று: களிமண்ணும் உவர்நீரும் குறைந்த தடைமையையே காட்டும். கடலோரத்தில் 4 ஓம்-மீட்டர் வந்ததும் "கடல்நீர் புகுந்துவிட்டது" என்று எழுதுமுன் பக்கத்துக் கிணற்றின் நீரைச் சோதியுங்கள்.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்ததே?

சிதைந்த பாறை ஓரளவு தடித்திருக்கும் நிலத்தில் எங்கே தோண்டினாலும் கொஞ்சம் நீர் வரும், அதனால் சொன்னது பலித்ததுபோலத் தெரியும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை லிட்டர் என்பதை அந்த முறை சொல்லாது. வறண்டுபோன போர்களின் கணக்கையும் யாரும் வைப்பதில்லை. ஊரில் இதை விவாதப் பொருளாக்க வேண்டாம். வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் போரின் ஆழம், ஊத்துக்கண் வந்த அடி, கேசிங் எத்தனை அடி இறக்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது நல்ல தரவு.

திறந்தவெளிக் கிணற்றில் நீரேற்றுச் சோதனை செய்து தைஸ் வளைவில் பொருத்தலாமா?

கூடாது. ஆனாலும் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு இது தொடர்கிறது. இறைக்கும்போது மட்டம் இறங்கும் வளைவிலிருந்து நீர்கடத்துதிறனை, அதாவது பாறை நீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் காண்பது தைஸ் முறை. அது கிணற்றுக்குள் நீர்ச் சேமிப்பே இல்லை என்று வைத்துக்கொள்கிறது. நம் ஊர்க் கிணறோ ஒரு தொட்டி.

6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குப் பரப்பு 28.3 சதுர மீட்டர். 200 லிட்டர் டிரம் 33 நொடியில் நிறைகிறது என்றால் மோட்டார் நொடிக்கு 6 லிட்டர், மணிக்கு 21.6 கன மீட்டர் இறைக்கிறது. முதல் ஒரு மணியில் மட்டம் 70 சென்டிமீட்டர் இறங்கியது. 28.3 × 0.70 = 19.8 கன மீட்டர், கிணற்றுக்குள் கிடந்த தண்ணீர். பாறையிலிருந்து வந்தது மீதி 1.8 கன மீட்டர் மட்டும். இறைத்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு! இந்த மட்ட இறக்கத்தை வைத்து நீர்கடத்துதிறன் கண்டால் நீங்கள் கண்டது கிணற்றின் விட்டத்தை.

கிணற்றுச் சேமிப்பின் செல்வாக்கு ஓய, குறைந்தது 25 × ஆரத்தின் வர்க்கம் ÷ நீர்கடத்துதிறன் என்ற அளவு நேரம் இறைக்க வேண்டும். ஆரம் 3 மீட்டர், நீர்கடத்துதிறன் நாளுக்கு 30 சதுர மீட்டர் என்றால் 7.5 நாள். அதற்குள் கிணறு அடி தட்டிவிடும். ஆகவே பெருவிட்டக் கிணற்றுக்கென 1967-இல் நீரியலாளர்கள் பபடோபுலோஸும் கூப்பரும் தந்த தீர்வைப் பயன்படுத்துங்கள், கூடவே மீட்சியை அளங்கள். மோட்டார் நின்றபின் முதல் ஒரு மணியில் மட்டம் 12 சென்டிமீட்டர் ஏறினால் 3.4 கன மீட்டர் ஊறியிருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் இப்படிக் கணக்கிட்டால், எந்த மட்டத்தில் எவ்வளவு ஊறும் என்ற பட்டியல் கிடைக்கும். விவசாயிக்கு வேண்டியதும் அதுதான்.

சதுரக் கிணறும், பாதியில் படி விட்டுக் குறுகும் கிணறும் நிறைய உண்டு. பரப்பை ஆழவாரியாக அளந்துகொள்ளுங்கள்.

சோதனை கெடும் வழிகள்: இறைத்த நீரை வாய்க்காலில் பக்கத்திலேயே விட்டால் அது கசிந்து திரும்பி வரும், நூறு மீட்டருக்கு அப்பால் குழாயில் கொண்டுபோங்கள். நடுவில் மின்சாரம் போனால் அன்றைய சோதனை முடிந்தது. மட்டம் பழைய நிலைக்கு வந்தபின் முதலிலிருந்து தொடங்குங்கள். இறைப்பளவைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அளப்பதும் பிழை. மட்டம் இறங்க இறங்க மோட்டார் கொட்டுவது குறையும், அரை மணிக்கு ஒருமுறை டிரம்மைப் பிடியுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் மட்டம் திடீரென வேகமாக இறங்கத் தொடங்கினால் நீர் தாங்கும் பாறையின் "எல்லை தட்டுப்பட்டது" என்று உடனே எழுதாதீர்கள். மட்டம் முக்கிய ஊத்துக்கண்ணுக்குக் கீழே போனாலும் இதே முறிவு வரும். துளையிட்டபோது ஊத்து வந்த ஆழத்தோடு ஒப்பிடுங்கள்.

நீர் மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?

குழாயைத் திறந்ததும் வருவது தேங்கிக் கிடந்த நீர். கிணற்றுக்குள் நிற்கும் நீரின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு இறைத்தபின் எடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆறரை இஞ்ச் போரில் 100 மீட்டர் நீர் நின்றால் ஒரு கொள்ளளவே 2.1 கன மீட்டர். நொடிக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று கொள்ளளவுக்கு ஒன்றே முக்கால் மணி ஆகும். விவசாயி பாசனத்துக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் போவதே நல்லது. எப்படியானாலும் வெப்பநிலை, பிஎச், மின்கடத்துதிறன் மூன்றும் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை மாறாமல் நிற்கும்வரை பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கம்ப்ரசர் மோட்டார் உள்ள போரைத் தவிருங்கள். காற்றை அழுத்தி நீரைத் தள்ளும்போது கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், இரும்பு துருவாகப் படியும், சுண்ணாம்பும் படியலாம். அங்கே எடுத்த பிஎச்சை வைத்துக் கால்சைட் நிறைவுக் குறியீடு (நீரில் சுண்ணாம்பு படியும் அளவுக்குக் கரைந்திருக்கிறதா என்ற அளவு) கணக்கிட்டால் எல்லா மாதிரியும் மிகைநிறைவு என்றே வரும்.

ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில். இரண்டும் 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தவை. சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகளுக்கானதில் பிஎச் 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம் விடுங்கள். இல்லாவிட்டால் இரும்பும் கால்சியமும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குளோரைடு, நைட்ரேட் போன்ற எதிரயனிகளுக்கானதில் அமிலமே கூடாது. மாறிவிட்டால் நைட்ரேட் ஆயிரக்கணக்கில் வரும், பைகார்பனேட் பூச்சியமாகும். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் இடம் மாறும்; பாட்டிலின் உடலில் அழியாத மையால் எழுதுங்கள். காரத்தன்மையை அன்றே தரம்பார்த்துவிடுங்கள் (டைட்ரேஷன்). ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பாலிஎத்திலீன் போதும்.

ஆய்வக முடிவு சரியா என்று எப்படி அறிவது?

அயனிச் சமநிலையைப் பாருங்கள்: நேரயனிகளின் கூட்டுத்தொகையும் எதிரயனிகளின் கூட்டுத்தொகையும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு, லிட்டருக்கு மில்லிகிராமில்: சோடியம் 115, பொட்டாசியம் 7.8, கால்சியம் 60, மக்னீசியம் 36.5, குளோரைடு 142, பைகார்பனேட் 305, சல்பேட் 48, நைட்ரேட் 31. சமான எடையால் வகுத்தால் நேரயனிகள் 5.0 + 0.2 + 3.0 + 3.0 = 11.2, எதிரயனிகள் 4.0 + 5.0 + 1.0 + 0.5 = 10.5 மில்லிசமானம். வித்தியாசம் 0.7-ஐக் கூட்டுத்தொகை 21.7-ஆல் வகுத்தால் 3.2 விழுக்காடு. ஐந்துக்குள் இருப்பதால் ஏற்கலாம். நேரயனிகளின் கூட்டுத்தொகையை நூறால் பெருக்கினால் மின்கடத்துதிறன் சுமாராக வர வேண்டும், இங்கே 1,100 மைக்ரோசீமன்ஸ். களத்தில் 1,900 அளந்திருந்தால் பாட்டில் மாறியிருக்கிறது, அல்லது ஏதோ ஓர் அயனி தவறு.

எல்லா மாதிரியிலும் பிழை 0.0 என்று வந்தால் மகிழாதீர்கள். சோடியத்தை அளக்காமல் மீதிக் கணக்கில் நிரப்பியிருக்கிறார்கள்.

நைட்ரேட்டின் அலகையும் கேட்டுக்கொள்ளுங்கள். நைட்ரேட்டாக 45 மில்லிகிராம் என்பது இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பு. நைட்ரஜனாகச் சொன்னால் அது ஏறத்தாழ 10. இரண்டையும் கலந்து பட்டியலிட்டால் கிணறுகளின் தரவரிசையே தலைகீழாகும்.

கடலோரக் கிணறு உப்பானால் அது கடல்நீரா?

சில இடங்களில் ஆம். சென்னைக்கு வடக்கே ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் எனக் கிணற்றுத் தொகுதிகள் நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் தந்தன. கடலுக்கு அருகிலிருந்த மீஞ்சூரில் மிகையாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கென 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது இந்தப் பின்னணியில்தான். காரணம் எளிது: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதன் எடை, கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உவர்நீரைத் தள்ளி வைக்கும். மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே 20 மீட்டர் போய்விடும்.

ஆனால் உப்பளம், இறால் பண்ணை, சாக்கடை, பழைய கடல் வண்டலில் சிக்கிய உவர்நீர் ஆகியவையும் உப்பாக்கும். கடல்நீரில் புரோமைடுக்கும் குளோரைடுக்கும் எடை விகிதம் ஏறத்தாழ 0.0035, சமையல் உப்பு கலந்த கழிவுநீரில் அது வெகுவாகக் குறையும். கடல்நீர் புதிதாகப் புகும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடும், அதனால் கால்சியம்-குளோரைடு வகை நீர் வரும். மழைநீர் உப்பைக் கழுவும் இடத்தில் மாற்றம் எதிர்த்திசையில் நடந்து சோடியம்-பைகார்பனேட் நீர் கிடைக்கும். குளோரைடு ஒன்றை மட்டும் வைத்து வரைபடத்தில் சிவப்பு அடிக்காதீர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே சுண்ணாம்புப் பாறையில் நன்னீர் வில்லைபோல உவர்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. அத்தகைய இடத்தில் மேல்நீரை மட்டும் வாளியில் மொண்டு சோதித்தால் போதாது. கம்பியில் இறக்கும் மின்கடத்துமானியால் மீட்டருக்கு மீட்டர் அளக்க வேண்டும்.

ஐசோடோப்பு ஆய்வு எனக்குத் தேவையா?

நீரில் உள்ள கனமான ஹைட்ரஜன் (டியூட்டீரியம்), கனமான ஆக்சிஜன் (ஆக்சிஜன்-18) அளவை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது இது. ஏரி நீர் ஊறுகிறதா, வயலில் பெய்த மழை நேரே இறங்குகிறதா என்பது உங்கள் கேள்வியானால் தேவை. மழைநீரில் டியூட்டீரியம் = 8 × ஆக்சிஜன்-18 + 10 என்ற கோட்டை (இரண்டும் திட்ட நீரிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகல் என்ற அளவில்) புவிவேதியியலாளர் கிரெய்க் 1961-இல் தந்தார். ஏரியில் கிடந்து ஆவியான நீர் அந்தக் கோட்டிலிருந்து விலகிச் சாய்வு குறைந்த கோட்டில் விழும். உள்ளூர் மழைநீரைச் சேகரிக்காமல் கிணற்றுநீரை மட்டும் அனுப்பிப் பயனில்லை. மழைமானியிலேயே நீர் ஆவியானால் எல்லாம் வீண், ஒவ்வொரு மழைக்கும் உடனே பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். அமிலம் வேண்டாம்.

மாட்ஃப்ளோ மாதிரி எப்போது கட்டலாம்?

மாட்ஃப்ளோ என்பது நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல். மட்டத் தரவு மட்டும் இருக்கும்போது வேண்டாம். நிலைத்த ஓட்ட (காலத்தால் மட்டம் மாறாத) மாதிரியில் ஊட்டத்தையும் (நிலத்தடிக்கு இறங்கும் நீரையும்) நீர்கடத்துதிறனையும் இரண்டு மடங்காக்கினாலும் அதே மட்டம்தான் வரும். அளந்த மட்டமும் கணித்த மட்டமும் அழகாகப் பொருந்தும், இரண்டும் தவறாக இருக்கும். ஓடையின் அடிநீரோட்டம் (மழையில்லாத நாளிலும் நிலத்தடியிலிருந்து வந்து ஓடும் நீர்), இறைப்பளவு என ஓட்டத்தைக் குறிக்கும் எண் ஒன்றாவது அளந்து கட்டிப்போட்டால்தான் மாதிரி பேசும்.

கிணற்றுக்குள் இறங்கி ஊத்துக்கண்ணைப் பார்க்கலாமா?

இறங்காதீர்கள். ஆழக் கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கியிருக்கும், வாசனை இராது. டீசல் இன்ஜின் உள்ளே ஓடிய கிணறு இன்னும் ஆபத்து. மயங்கியவரை மீட்க உடனே இறங்கிய அடுத்தவரும் இறந்த நிகழ்வுகள் பல. கயிற்றில் கட்டிய கேமராவை இறக்குங்கள். நாடாவையும் கேமராவையும் அடுத்த கிணற்றில் விடுமுன் குளோரின் கலந்த நீரால் கழுவுங்கள், அது ஒரு வீட்டின் குடிநீர்.

முடிவை விவசாயியிடம் எப்படிச் சொல்வது?

அடிக்கணக்கில் சொல்லுங்கள், மீட்டரில் அல்ல. ஒரு சிறு அட்டையில் நீர்மட்டம், மணிக்கு ஊறும் அளவு, உப்பின் அளவு, குடிக்கலாமா என்பதை எழுதிக் கொடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃபுளோரைடைத் தவறாமல் சேருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாதபோது 1.5 வரை. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது; நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். "காய்ச்சிக் குடியுங்கள்" என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். நைட்ரேட் 45-ஐத் தாண்டிய கிணற்று நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது. அந்த வீட்டில் குழந்தை இருந்தால் முடிவு கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், ஆய்வேடு அப்புறம் முடியட்டும்.